பதின்மூன்றாவது ஊசி

போர்வையம்மாவைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான். பழைய துணியைத் தூக்கி எறிகிறவர்கள் ஒரு வகை, அதை அவளிடம் கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையோடு பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவள் ஆசை. ஆனால் அவள் வேலை பார்ப்பது சலவைக்கடைக் கவுண்டரில். வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த வகைதான். "காலர் நைஞ்சு போச்சும்மா, நீங்களே குப்பையில போட்டுடுங்க" என்று யாராவது சட்டையை நீட்டினால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வாங்குவாள். அவர் தெருமுனை திரும்புவதற்குள் சட்டை அவள் பைக்குள் போயிருக்கும்.

கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும். எந்தத் துணி சாயம் விடும், எது இன்னும் பத்து வருஷம் உழைக்கும் என்று சொல்லிவிடுவாள். நல்லதாகத் தேறியதை உள்ளங்கை அளவு சதுரங்களாக வெட்டுவாள். சதுரங்களை ஒன்றோடு ஒன்று மூட்டி மேல்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் ஒரே துணியாக ஒரு விரிப்பு. மூன்றையும் சேர்த்து வரிவரியாகக் கையால் தைத்தால் ஒட்டுப்போர்வை ஆயிற்று. வீட்டில் அப்படி இருபத்து மூன்று இருந்தன. கட்டில் மேல், சோபா மேல், கதவுக்குப் பின்னால், பீரோவுக்கு மேல் எல்லா இடத்திலும் போர்வைதான். அவள் கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். "ஒரு நாள் நானும் கொஞ்சம் அசையாம உக்காந்தா என்னையும் சதுரமா வெட்டிடுவா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பழைய நகைச்சுவைதான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் தானே முதலில் சிரிப்பார்.

புதன்கிழமை சலவைக்கடைக்கு அரைநாள்தான். அன்று மதியம் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசை தையல் மேசையாகிவிடும். தபால்காரி தன் சுற்றை முடித்துவிட்டு ஸ்கூட்டரோடு வருவாள். நான்கு தெரு தள்ளித் தனியாக இருக்கும் கணக்கு டீச்சர் வருவார். பேக்கரிக்காரி விற்காமல் மிஞ்சிய ரொட்டிகளோடு வருவாள். ஆளுக்கொரு காய் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு, பருப்பும் வெங்காயமும் சேர்த்து, ஸ்பூன் நிற்கிற பதத்துக்கு ஒரு சூப். கேரட் வந்த வாரம் ஒரு ருசி, பூசணி வந்த வாரம் வேறொரு ருசி. எல்லாருமே உருளைக்கிழங்கு கொண்டுவந்த ஒரு வாரம் நடந்ததை யாரும் பேசுவதில்லை.

ஆறு மாதமாக அந்தப் பானை டீச்சர் வசம். மணிக்கட்டு வலிக்கிறது, தைக்க முடியவில்லை என்று சொல்லி அடுப்படிக்கு மாறிக்கொண்டார். சமையலில் டீச்சர் சுமார்தான். வெங்காயத் தோல் வாயில் தட்டுப்படும், கேரட் பாதி சீவியும் சீவாமலும் கிடக்கும். சொன்னால் "தோல்லதான் சத்து" என்பார். நாற்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவரிடம் யார் வாதாடுவது? எல்லாரும் தோலை மென்று விழுங்கினார்கள்.

போர்வையம்மாவுக்கென்று ஒரு சட்டம் உண்டு, ஊசிச் சட்டம். காலையிலேயே பன்னிரண்டு ஊசிகளில் நூல் கோர்த்து பிஸ்கட் டப்பாவுக்குள் மடித்து வைத்த துணியில் வரிசையாகக் குத்தி வைத்துவிடுவாள். வேலை முடிந்ததும் பன்னிரண்டையும் எண்ணுவாள். எண்ணி முடிக்காமல் போர்வையை மடிக்கவே மாட்டாள். பஞ்சுக்குள் ஊசி நீளவாக்கில் படுத்துக்கொண்டால் மேலே தடவினாலும் கைக்குத் தெரியாது. என்றைக்கோ ஒருநாள், யாரோ புரண்டு படுக்கும்போது, அது வெளியே வரும். இதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசும்.

அந்தச் சட்டத்தை அவள் மறந்த ஒரே புதன்கிழமை, தைத்துக்கொண்டிருந்தது பேக்கரிக்காரியின் குழந்தைக்கான போர்வையை.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள்தான் வீட்டுக்கு விடுவார்கள் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். மஞ்சள் நூலில் கடைசி வரியைப் போர்வையம்மா தைத்துக்கொண்டிருக்கும்போது தபால்காரியின் போன் அடித்தது. "அக்கா, இன்னிக்கே விட்டுட்டாங்களாம்! கார்ல ஏறிட்டாங்களாம்!" அவ்வளவுதான். முடிச்சுப் போட்டு, நூலை நறுக்கி, மடித்து, பையில் திணித்து, மூன்று பேரும் பேக்கரிக்காரி வீட்டுக்கு ஓடினார்கள். டீச்சர் மட்டும் ஒரு நிமிஷம் தாமதமாக வந்தார், ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு. அதில் நடுப் பட்டன் இல்லை. வாசலில் காரிலிருந்து இறங்கிய பேக்கரிக்காரி போர்வையைப் பார்த்ததும் அழுதேவிட்டாள். குழந்தையை அதிலேயே சுற்றி உள்ளே கொண்டுபோனாள்.

மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும்முன், கணவரின் சட்டைப்பையைத் தைக்கலாம் என்று டப்பாவைத் திறந்தாள். கை தானாக எண்ணியது. பதினொன்று.

மறுபடி எண்ணினாள். பதினொன்று. டப்பாவைக் கவிழ்த்து எண்ணினாள். அப்போதும் பதினொன்றுதான்.

"என்னங்க! ஒரு ஊசி குறையுது!"

அவர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தார். கடிகாரம் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, டார்ச்சோடு மேசைக்கு அடியில் தவழ்ந்தார். விரிப்பை உதறினார்கள், நாற்காலி மெத்தைகளைத் தடவினார்கள், நேற்று போட்டிருந்த உடைகளை மடிப்பு மடிப்பாகப் பார்த்தார்கள். ஊசி இல்லை. பேக்கரிக்காரிக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. குழந்தை தூங்குகிறது என்று சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பாள்.

"நீ கிளம்பு. கடைக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார் அவர். ஃப்ரிட்ஜ் கதவில் காய்கறிப் பட்டியலைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தத்தைப் பிடுங்கி அவள் கையில் வைத்தார். காந்தம் கடிகாரத்துக்கு ஆகாது என்று அதை வீட்டுக்குள் சேர்த்ததற்கே ஒரு வாரம் முணுமுணுத்தவர் அவர்.

போன் பண்ணிக் கூப்பிட்டதும் தபால்காரி பாதிச் சுற்றில் திரும்பி வந்தாள். தபால் பைக்கும் அவள் முதுகுக்கும் நடுவில் போர்வையம்மா நசுங்கி உட்கார்ந்தாள். வழி முழுக்க அவள் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். ராத்திரி முழுக்க அந்தப் பிஞ்சு உடம்பு அதில் கிடந்திருக்கிறது.

கதவைத் திறந்த பேக்கரிக்காரி தூக்கக் கலக்கத்தில் சிரித்தாள். போர்வையம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக உள்ளே போய்க் குழந்தையை அள்ளி அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, போர்வையை உருவி எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"ஒரு ஊசி காணோம்மா. இதுக்குள்ள இருக்கலாம்."

குழந்தையின் துணிகளையெல்லாம் கழற்றி, அக்குள், தொடை மடிப்பு, பிடரி என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. அநியாயத்துக்கு எழுப்பிவிட்டார்களே என்று குழந்தை வீடு அதிர அழுதது. அப்பா அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"எப்பவும் எண்ணிட்டுத்தானே அக்கா மடிப்பீங்க?" என்றாள் பேக்கரிக்காரி. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது போர்வையம்மாவுக்கு.

"எண்ணலம்மா. மறந்துட்டேன்."

காந்தத்தைப் போர்வைமேல் ஓட்டினார்கள். அது கத்தரிக்கோலில் போய் ஒட்டிக்கொண்டதே தவிர வேறொன்றும் அகப்படவில்லை. ஃப்ரிட்ஜ் காந்தத்தை நம்பி யாராவது குழந்தையைப் போர்த்துவார்களா? போர்வையம்மா கத்தரிக்கோலை எடுத்து முதல் தையலை வெட்டினாள். ஏழு வாரம் தைத்ததை இரண்டரை மணி நேரத்தில் பிரித்தாள். அடித்துணி தனியாக வந்தது, பஞ்சு தனியாக வந்தது. பஞ்சைக் கைப்பிடி கைப்பிடியாகப் பிய்த்துத் தபால்காரியிடம் கொடுக்க, அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தரையில் போட்டாள். கூடம் முழுக்கப் பஞ்சு.

ஊசி இல்லை.

இது நிம்மதியா என்றால், இல்லை. போர்வையில் இல்லை என்றால் கட்டிலில் விழுந்திருக்கலாம், தொட்டிலில் இருக்கலாம், தரைவிரிப்பில் இருக்கலாம். பேக்கரிக்காரி கட்டில் மெத்தையை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் இனி எங்கே குழந்தையைக் கிடத்துவது?

அந்த நேரம் பார்த்து, பிள்ளை பெற்றவளுக்கென்று சூப்பைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு டீச்சர் வந்தார். வாசலிலேயே நின்று, "என்ன இது, பனி பெஞ்ச மாதிரி?" என்றார்.

பதில் சொல்ல நிமிர்ந்த போர்வையம்மாவின் பார்வை டீச்சரின் ஸ்வெட்டரில் நின்றது. நீல ஸ்வெட்டர். நேற்று இல்லாத நடுப் பட்டன் இன்று இருந்தது. கோணல்மாணலாக, மஞ்சள் நூலில்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த நொடியே வேறொன்றும் புரிந்தது. அரைகுறையாகச் சீவிய கேரட், வெங்காயத் தோல், மணிக்கட்டு வலி. வாயைத் திறந்தாள். இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? ஆனால் சொல்லாமல் எப்படி விடுவது, அங்கே ஒரு தாய் மெத்தையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது?

தபால்காரி முந்திக்கொண்டாள். "ஒரு ஊசி காணோம் டீச்சர். குழந்தை போர்வையில போயிடுச்சோன்னு எல்லாத்தையும் பிரிச்சுட்டோம்."

டீச்சர் தூக்குவாளியைக் கீழே வைத்தார். கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். கண்ணாடி துடைக்கும் துணியில் ஊசி குத்தியிருந்தது. மஞ்சள் நூல் ஒரு சாண் இன்னும் மிச்சமிருந்தது.

"நான்தான் எடுத்தேன்" என்றார். "இந்தப் பட்டனை ஒரு வாரமா கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஊசிக்கண்ணு தெரியல. நூல் கோத்த ஊசி அங்க சும்மா இருந்துச்சு. கேட்டிருக்கலாம். கடைசி பெஞ்சுல எவன் மிட்டாய் திங்கறான்னு பாத்த கண்ணு. கேக்க வாய் வரல."

போர்வையம்மா ஊசியை வாங்கிக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டாள். பேக்கரிக்காரி அடுத்த அறைக்கு ஓடிக் குழந்தையை வாங்கிக்கொண்டு வந்தாள். பஞ்சுக் குவியலுக்கு நடுவிலேயே தொப்பென்று உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாகக் குழந்தையின் உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"உங்களை நல்லா திட்டணும் டீச்சர். திட்டக்கூடத் தெம்பில்ல. முதல்ல சூப்பைக் குடுங்க. அக்கா, நீங்களும் வாங்க, பக்கத்துல உக்காருங்க."

அந்த 'பக்கத்துல உக்காருங்க'தான் போர்வையம்மாவின் வயிற்றில் பால் வார்த்தது. காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. வெட்கமில்லாமல் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, இரண்டு கிண்ணம் சூப் குடித்தாள். தபால்காரி நடுவில் வாயிலிருந்து எதையோ எடுத்தாள்.

"வெங்காயத் தோலா?" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர்."

"ஆறு மாசமாவா?"

"ஆறு மாசமா."

"ஒருத்திகூடச் சொல்லலியே!"

"தோல்லதான் சத்துன்னீங்க!"

டீச்சரே முதலில் சிரித்தார். கண் மருத்துவரிடம் அழைத்துப் போவது தன் பொறுப்பு என்று தபால்காரி சொன்னாள். கண்ணில் புரை, எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லி நாளும் குறித்துக் கொடுத்தார். ஆனால் அதற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

அடுத்த புதன்கிழமை காலை போர்வையம்மா நூல் கோர்க்க உட்கார்ந்தாள். பன்னிரண்டு முடிந்தது. இன்னொரு ஊசியை எடுத்து, நீல நூலைக் கோர்த்து, டப்பாவின் ஓரத்தில் தனியாகக் குத்தி வைத்தாள். யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. மதியம், போன வாரம் பிரித்த போர்வையைத் திரும்ப மூட்ட எல்லாரும் சேர்ந்தார்கள். சாயங்காலம் எண்ணியபோது பன்னிரண்டு இருந்தது, ஓரத்து நீல நூல் ஊசி மட்டும் இல்லை. போர்வையை நிம்மதியாக மடித்தாள்.

அதற்கடுத்த புதன்கிழமை டீச்சர் வந்ததும் அடுப்படிக்குப் போகவில்லை. மேசையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடிக் கூட்டைத் திறந்து, நீல நூல் தீர்ந்துபோன ஊசியை எடுத்து, எல்லார் முன்னாலும் போர்வையம்மாவிடம் நீட்டினார்.

"இதுல நூல் கோத்துக் குடும்மா. இன்னும் ரெண்டு பட்டன் பாக்கி இருக்கு."