நன்றாக இருந்தால் கையெழுத்து கிடையாது

போன வாரம் மாமனாரை அழைத்துக்கொண்டு ஆம்பூரில் நடந்த மாற்றுத்திறனாளிகள் சான்றிதழ் முகாமுக்குப் போயிருந்தேன். அவருக்குக் காது மந்தம். மருமகள் பேசினால் மட்டுமா என்று கேட்காதீர்கள்... நானும் பல வருடமாக அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.

முகாம் நடந்த பள்ளிக்கூட வாசலில் ஓர் அம்மா நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். கையில் தண்ணீர் பாட்டில். மனநல டாக்டரின் அறை எது என்று யார் கேட்டாலும், அவர்களை மட்டும் ஓரமாக அழைத்துப்போய் ஒரே கேள்வி கேட்டார்.

“இன்னிக்கி மாத்திர குடுத்தீங்களா?”

இதற்கு ஏன் எல்லாரும் தலையைக் குனிகிறார்கள்? எனக்குப் புரியவில்லை. மாமனாரை வரிசையில் உட்கார வைத்துவிட்டுப் போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

பெயர் ஜெயசீலி. ஷூ கம்பெனியில் தைத்த ஷூவின் தரம் பார்க்கும் செக்கராக இருந்தவர். மகன் ஸ்டீபனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே அதே கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்த்திருக்கிறான். முதல் தடவை சான்றிதழ் கேட்டுப் போனபோது, “நல்லாத்தானே இருக்கான், இவனுக்கு எதுக்கும்மா?” என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே நின்ற ஒரு புண்ணியவான் இலவச ஆலோசனை கொடுத்திருக்கிறார் — “ஒரு வாரம் மாத்திரைய நிறுத்து. ஷேவ் பண்ண விடாத. அப்புறம் கூட்டினு வா.”

இவரும் நிறுத்தியிருக்கிறார். அடுத்த முகாமில், பார்த்த உடனே கையெழுத்து!

“சான்றிதழ் வந்துச்சு மேடம். புள்ள வரல,” என்றார் ஜெயசீலி. “பழையபடி ஆவறதுக்கு எட்டு மாசம். வேலையும் போய்ட்டுது. கம்பெனிக்கு சரக்கு வாங்கற பையர் வந்தா, இருக்கறதுலயே நல்ல பீஸா பாத்து மேல வெப்போம். இங்க இன்னாடான்னா, பெத்த புள்ளையவே டேமேஜ் பண்ணி எடுத்தாந்து காட்டணுமா?”

அன்றிலிருந்து எந்த முகாம் நடந்தாலும் வாசலில் வந்து நின்றுவிடுகிறார். யாரும் அவரை நியமிக்கவில்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சர்க்கரை நோயாளியிடம், “மாத்திரையை நிறுத்திவிட்டு மயங்கி விழுந்து காட்டுங்கள்” என்று யாராவது கேட்பார்களா? மாமனாரின் காது மெஷினைக் கழற்றினால் அடுத்த நிமிடமே மாட்டிக்கொள்ளலாம். இது அப்படியா?

மாத்திரையை நிறுத்து என்று எந்த விதியிலும் எழுதியிருக்காது. எழுதவே வேண்டாம் — நன்றாக இருக்கிற ஒருத்தரைத் திருப்பி அனுப்பினால் போதும், வரிசை முழுக்கப் பாடம் படித்துவிடும்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆலங்காயத்திலிருந்து ஓர் அப்பா மகளோடு வந்தார். கவிதா. இருபத்திரண்டு வயது. தலை சீவவில்லை. டோக்கன் நம்பரை மைக்கில் கூப்பிடும்போதெல்லாம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

“மாத்திர குடுத்தீங்களாண்ணே?”

“அஞ்சு நாளா குடுக்கலம்மா. போன தபா ஜடை பின்னி, நல்ல சுடிதார் போட்டு கூட்டியாந்தேன். நல்லா இருக்கான்னு அனுப்பிட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு மாசாமாசம் பஸ்ல போவணும்... இது இருந்தா பாஸ் குடுப்பாங்க. நான் இன்னா பண்ணட்டும்?”

ஜெயசீலி அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அவர் கையிலிருந்த ஆஸ்பத்திரி ஃபைலை வாங்கிக்கொண்டு, இருவரையும் கூட்டிக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். மாமனாரை மறந்தேபோனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கவிதாவைப் பார்த்ததும் பதறி, “ஏன் இப்படி இருக்காங்க? மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு?” என்று அப்பாவிடம் கோபப்பட்டார்.

“நீங்கதான் சார்,” என்றார் ஜெயசீலி.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

“நானா? இந்த முகாமுக்கு நான் வர்றதே இதான் முதல் தடவம்மா!”

“உங்க நாற்காலி சொல்லிச்சு சார். வாயால சொல்லல, கையெழுத்து போடாம சொல்லிச்சு. ஆறு வருஷ ஃபைலு இருக்குது. அதப் படிச்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பொண்ணு தலையப் பாத்து முடிவு பண்ணாதீங்க.”

டாக்டர் ஃபைலைத் திறந்தார். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். சான்றிதழுக்குப் பரிந்துரை எழுதினார். மாத்திரையை எந்த அளவில் மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று தனிச் சீட்டிலும் எழுதிக்கொடுத்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனுஷர் வந்து உட்காரும்வரை எத்தனை பேர் மாத்திரையை நிறுத்துவார்கள்? எத்தனை வாசலில்தான் ஒரு ஜெயசீலி நிற்க முடியும்?

வெளியே வந்ததும் அப்பா சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். அஞ்சு நாளும் பையிலேயே வைத்திருந்திருக்கிறார்! ஜெயசீலி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். கவிதா மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள்.

“நான் நல்லா இருந்தா தப்பாப்பா?”

பதில் சொல்ல வேண்டியவர் அந்த அப்பா இல்லை.