சீராக வந்த வைக்கோல்

டிராக்டரின் முன்பக்கத்தில் மாவிலைக் கொத்து கட்டியிருந்தது. டிரெய்லர் நிறைய வைக்கோல் கட்டுகள், எல்லாம் சதுரமாக, பெட்டி அடுக்கியதுபோல அடுக்கி, மேலே ஒரு தாம்பாளம் வைத்திருந்தார்கள். வெற்றிலை, பாக்கு, கிழங்கு மஞ்சள், ஒரு சீப்பு பூவன் பழம். தாம்பாளத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தோளில் புதுத்துண்டோடு, கட்டுகளின் மேல் உட்கார்ந்து வந்தார் என் அண்ணன். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீராக எங்கள் ஊரில் குத்துவிளக்கு போயிருக்கிறது, பித்தளைக் குடம் போயிருக்கிறது, கொஞ்சம் வசதி வந்த பிறகு ஃப்ரிட்ஜ்கூடப் போயிருக்கிறது. வைக்கோல் சீராகப் போனதை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தார்கள். அண்ணன் இறங்கி வந்து தாம்பாளத்தை என் கையில் கொடுத்து, "வீடு ஒன்னோடது பாப்பா, செவுரு அண்ணனோடது" என்றார். பணி ஓய்வு பெற்று, தலை பாதி நரைத்துப்போன பிறகும் அவருக்கு நான் பாப்பாதான். நான் அழுதேவிட்டேன். அந்த அழுகையை நினைத்தால் இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கம். அப்பாவின் நிலம் முழுவதையும் அண்ணன்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கல்யாணமாகிச் சென்னைக்குப் போய், அங்கேயே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னார்: "மேட்டுத் திடல் பாப்பாவுக்கு." வயலைவிட உயரமாக, வெள்ளம் ஏறாத இடம் அது, நான்கு தென்னையும் ஒரு புளியமரமும் இருந்தன. வாய்வார்த்தைதான், பட்டா இன்னும் அப்பா பேரிலேயே இருந்தது. எனக்கு அதில் ஒரு வீடு வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பிறந்த ஊரில் விருந்தாளியாக வந்து, இரண்டு நாள் இருந்து, அண்ணன் வீட்டில் கை நனைத்துவிட்டுத் திரும்பிப் போகிற பிழைப்பு எனக்கு அலுத்துவிட்டது. என் வீட்டுக் கதவை நானே திறந்துகொண்டு அந்த ஊரில் தூங்கி எழ வேண்டும் என்று நினைத்தேன். அண்ணனிடம் சொன்னபோது தோள் துண்டை எடுத்து உதறி, நிதானமாக மடித்து, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். பிறகு "கட்டிக்க, யாரு வேணாங்குறா" என்றார். அந்தத் தாமதத்தை நான் கவனித்திருந்தும் அதற்கு அர்த்தம் எதுவும் தேடவில்லை. கூடப் பிறந்தவரிடம் யார் அதெல்லாம் தேடிக்கொண்டிருப்பார்கள்?

வைக்கோலில் சுவர் என்பது என் யோசனைதான். சென்னையில் கான்கிரீட் பெட்டிக்குள் வெந்து வெந்து சலித்தவள் நான். என் கணவருக்கோ சிமென்ட் தூசி பட்டாலே இருமல் பிடித்துக்கொள்ளும். பேராவூரணிப் பக்கத்துப் பெண் ஒருத்தி மண்ணிலும் வைக்கோலிலும் வீடு கட்டித் தருகிறாள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். அவள் கட்டிய வீட்டுக்குள் சித்திரை வெயிலில் நுழைந்ததும் உடம்பு குளிர்ந்தது. அன்றே முடிவு செய்துவிட்டேன். அவளை நாங்கள் இன்ஜினியரம்மா என்று கூப்பிட்டோம். என் மகள் வயதுதான் இருக்கும். என் கணவர் மட்டும் விடாமல் கேலி செய்தார். "டீச்சர், நாம ஊருக்குப் போயிருக்கப்ப மாடு வந்து வீட்டைத் தின்னுட்டுப் போயிடுச்சுன்னா யாருகிட்ட புகார் குடுக்குறது?"

முறை எளிமையானது. தரையிலிருந்து நன்றாக உயர்த்திச் செங்கல்லில் அடித்தளம். அதன்மேல் மரச்சட்டம். சட்டத்துக்கு நடுவே வைக்கோல் கட்டுகளைச் செங்கல் வைப்பதுபோல மாற்றி மாற்றி அடுக்கி, மூங்கில் குச்சியால் குத்தி இறுக்கி, இரண்டு பக்கமும் குளத்து மண்ணும் நறுக்கிய வைக்கோலும் மிதித்துக் குழைத்துப் பூசி, மேலே சுண்ணாம்பு. மழைச்சாரல் படாதபடி ஓட்டுக்கூரையை நீளமாக இறக்கிவிட வேண்டும். இன்ஜினியரம்மா வந்த முதல் நாளிலிருந்து ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். "மேடம், தீயெல்லாம் பெரிய பயம் இல்லைங்க. இறுக்கிக் கட்டி மண்ணு பூசிட்டா அது லேசுல பிடிக்காது. ஈரம்தான் எமன். ஈரக் கட்டு ஒண்ணு உள்ள போனாலும் பக்கத்துல இருக்குற எல்லாத்தையும் கெடுத்துடும்." அவளிடம் ஈரம் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. ஒரு முழ நீளத்துக்கு ஊசி. கட்டின் நடுவரைக்கும் குத்தினால் உள்ளே எவ்வளவு ஈரம் என்று காட்டும். முன்பக்கச் சுவருக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் கட்டுகள் வாங்கியபோது ஒவ்வொன்றையும் குத்திப் பார்த்து, பிடிக்காததைத் தள்ளிவிட்டாள். அந்த மனிதர் முனகிக்கொண்டே திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்.

அந்த ஊசியோடுதான் அண்ணனுடைய டிராக்டரிடமும் வந்து நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சீர் தட்டில் வந்த புடவையை அண்ணன் கண்ணெதிரே விரித்துப் பிடித்துக் கிழிசல் தேடுவோமா? அண்ணி முறுக்கு கொண்டுவந்தால் டப்பாவின் அடிவரை கையைவிட்டு உடைந்தது எத்தனை என்று பார்ப்போமா? எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டுச் சீரை மேலாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வைப்பார்கள். பிரித்துச் சோதிப்பது கொண்டுவந்தவரின் முகத்தில் அடிப்பதற்குச் சமம். நான் அவளைத் தடுத்தேன். அப்போது அண்ணனே குறுக்கிட்டார். "பாக்கட்டும் பாப்பா, அந்தப் புள்ள அது வேலைய செய்யிது. எல்லாம் மேட்டு வயல் வைக்கோலு, மொறமொறன்னு காஞ்சது." சொல்லிக்கொண்டே மேல் அடுக்கிலிருந்து ஒரு கட்டை அவரே இறக்கி அவள் முன்னால் போட்டார். ஊசி இறங்கியது. காய்ந்த கட்டுதான். அவள் அடுத்த கட்டுக்குக் கை நீட்டியபோது, "போதும்மா, இது எங்க அண்ணன் குடுத்தது" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், ஊசியைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அண்ணனின் வைக்கோல் பின்பக்கச் சுவராகவும் பூஜையறையாகவும் எழும்பியது.

வைகாசியில் பால் காய்ச்சினோம். கூடத்தில் உட்கார்ந்தால் வெளியில் போகிற டிராக்டர் சத்தம்கூட ஏதோ தூரத்தில் கேட்பதுபோலத்தான் கேட்கும். ஜன்னல் விளிம்பு அவ்வளவு அகலம். காலை மடக்கி உட்கார்ந்து காபி குடிக்கலாம். என் கணவர் மத்தியானத்தில் மின்விசிறி போடாமல் தூங்கினார். "மாட்டுத் தீவனத்துக்குள்ள இவ்ளோ சுகம் இருக்கும்னு தெரியாமப் போச்சே டீச்சர்" என்றார். சாயங்காலங்களில் அண்ணன் வருவார், ஒரு டம்ளர் காபி குடிப்பார், சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பார். பாசத்தில் தட்டுகிறார் என்று நினைத்தேன்.

ஆவணியில் ஒரு நாற்றம் தொடங்கியது. எலி செத்திருக்கும் என்று பரண், அலமாரி எல்லாம் தேடினேன். பூஜையறைச் சுவரில் காபி சிந்தியதுபோல ஒரு கறை வந்து, நாளுக்கு நாள் பெருத்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் எல்லாம் ஒன்றாக வந்தது. சாமி படத்துக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாகக் காளான். பூச்சு உப்பி, தொட்டால் உள்ளே போயிற்று. என் கணவர் அப்போதும் "பிரசாதமா, குழம்புக்கா?" என்று கேட்டார், கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்து, அந்த இருமல் நிற்கவேயில்லை. கும்பகோணத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் பூஞ்சை பிடித்த வீட்டுக்குத் திரும்பவே கூடாது என்றார். ஊர் சிரித்தது. படித்த பொம்பளை வைக்கோலில் வீடு கட்டினாளாம், மழையில் முளைத்துவிட்டதாம். அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். "நமக்கு இதெல்லாம் ஒத்துவருமா பாப்பா? மாப்ளை ஒடம்புதான் முக்கியம். மெட்ராஸ்ல ஃப்ளாட் இருக்கு, அங்க போயி நிம்மதியா இருங்க. திடலை என் பயலுக்கே எழுதி விட்டுடு. அவன் ஒரு மாடி வீடு கட்டிக்கட்டும். நீ வந்தா ஒனக்கு ஒரு ரூம் இல்லாமலா போயிடும்?" அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சரிண்ணே, யோசிக்கிறேன் என்றேன். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் மனசுக்குள் இருந்தது.

வைக்கோல் வீடு மழைக்குத் தாங்காது என்பதை இன்ஜினியரம்மா ஒப்புக்கொள்ளவில்லை. மழை விட்ட ஒரு காலையில் ஆட்களோடு வந்து பின்சுவரின் பூச்சையும், ஒத்துப்பார்க்க முன்சுவரில் ஒரு துண்டையும் வெட்டி எடுத்தாள். சத்தம் கேட்டு அண்ணி வந்தார். நாங்கள் மூவரும் நின்று பார்த்தோம். முன்பக்கச் சுவரில் பிரித்த கட்டு பொன்னாக இருந்தது, உதறினால் தூசி பறந்தது. பின்சுவரில் எடுத்த கட்டின் நடு, கரியாகக் கறுத்து, பிழிந்தால் கையில் ஒட்டியது. அதற்குள் கதிரிலேயே முளைவிட்ட நெல், கட்டோடு கட்டாக நசுங்கிக் கிடந்தது. சுவருக்குள் போவதற்கு முன்பே, வயலிலேயே தண்ணீரில் படுத்து முளைத்த பயிர். எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் தை மாதம் அறுப்பு நேரத்தில் மழை அடித்ததும், பள்ளத்து வயல் தண்ணீரில் கிடந்ததும் சென்னையில் இருந்த எனக்குத் தெரியாது. அண்ணிக்குத் தெரியும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றவர், "நான் அப்பவே வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன் பாப்பா" என்றார். "பள்ளத்து வயல் வைக்கோலு. மாடுகூட மோந்து பாக்கல. அதைப் போயி கட்டிக் குடுக்குறாரே, ஒங்க அண்ணனுக்கு மனசு எப்படி வந்துச்சு?"

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பள்ளத்து வயல் வைக்கோலாண்ணே?" என்று மட்டும் கேட்டேன். அவர் இல்லை என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட நான் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பேன். அவர் தட்டிலேயே கையைக் கழுவினார். "நீ திரும்பி வருவேன்னு நான் நெனைக்கவே இல்ல பாப்பா. வெள்ளத்துலயும் வறட்சியிலயும் இந்த மண்ணுல கெடந்தவன் நானு. அப்பா ஒரு வார்த்தை சொன்னாருன்னு நீ வந்து குந்திக்கிட்டா என் புள்ளைக்கு என்ன இருக்கு? வேணாம்னு ஒன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல. ஒரு மழைக்காலம் பாத்துட்டு நீயே போயிடுவேன்னு நெனச்சேன். மாப்ளைக்கு இப்படி ஆவும்னு சத்தியமாத் தெரியாது."

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லையாம்! முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது. மாவிலை கட்ட முடிந்தது. நல்ல கட்டாகப் பார்த்து மேலே அடுக்கி, அதில் ஒன்றை எடுத்து அந்தப் பெண்ணின் முன்னால் போட முடிந்தது. கோர்ட்டுக்குப் போயிருந்தால் நான் வருத்தப்பட்டிருப்பேன், வேலி போட்டுத் தடுத்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். இரண்டுமே அண்ணன் தங்கைக்கு நடுவில் நடக்கிறதுதான். சீர் என்று சொன்னால் நான் பிரித்துப் பார்க்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்த ஒருவர் அதை வைத்தே என்னை அடித்தார். அதுதான் ஆறவில்லை. நான் ஏமாளி என்று சொந்தக்காரர்கள் பலர் சொல்லிவிட்டார்கள். கூடப் பிறந்தவரை நம்பியதற்குப் பேர் ஏமாளித்தனம் என்றால், இருந்துவிட்டுப் போகிறேன்.

கையெழுத்துப் போடவில்லை. அடுத்த தை அறுப்பு முடியும் வரை சென்னையில் காத்திருந்து, பின்சுவரையும் பூஜையறையையும் பிரித்துப் போட்டுவிட்டு, புதுக் கட்டுகள் வாங்கி மறுபடி எழுப்பினோம். இந்த முறை ஊசியை என் கையில் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு கட்டையும் நானே குத்தினேன். அதன் பிறகு மழைக்காலங்கள் வந்து போய்விட்டன, சுவர் கல்லாக நிற்கிறது. என் கணவர் பழையபடி மத்தியானம் தூங்குகிறார். இன்ஜினியரம்மா புது ஆட்களை அழைத்துவந்து எங்கள் வீட்டைக் காட்டுகிறாள். காபி போட்டுக்கொடுத்துவிட்டு நான் வைக்கோலைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அண்ணனும் நானும் கோயிலில் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்டுக்கொள்கிறோம். பொங்கல் சீர் மட்டும் வருஷம் தவறாமல் வருகிறது. அதை நிறுத்தினால் ஊர் பேசும் என்பது ஒன்று; அவருக்கும் என்னைப் பார்க்க வேறு சாக்கு இல்லை என்பது இன்னொன்று.

இந்த வருஷமும் வந்தார். நடை தளர்ந்துவிட்டது. கரும்பும் மஞ்சள் கொத்தும் புதுப்பானையும் இறக்கி வைத்த பிறகு, இரண்டு சிறிய அரிசி மூட்டைகளை வாசலிலேயே நிறுத்தினார். உள்ளே கொண்டுவரவில்லை. குனிந்து, ஒரு மூட்டையின் வாயை அவரே அவிழ்த்தார். "பாத்துக்க பாப்பா" என்றார். வேண்டாம்ணே, உள்ளே வாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கை மூட்டைக்குள் போய்விட்டது. முழங்கை வரை விட்டு, அடியில் இருந்த அரிசியை அள்ளி வெளியே எடுத்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். அண்ணன் தலை குனிந்து நின்றார். நல்ல அரிசி, அடிவரைக்கும் நல்ல அரிசிதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மூட்டையையும் அவிழ்க்கச் சொன்னேன்.