கூட்டுப்புழுவோடு ஒரு போட்டி

என் வீட்டுக்காரர் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டுகிறவர். போன மழைக்காலத்தில் நாங்கள் இருக்கும் தோட்டத்து லயத்து வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டை வெட்டி எடுத்த அன்று உள்ளேயிருந்த காலைப் பார்த்தேன். கெண்டைச்சதை இருந்த இடத்தில் வெறும் தோல்தான் தொங்கியது.

"யாரோட காலை மாத்தி வச்சிட்டீங்க?" என்று நர்ஸிடம் கேட்டுச் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

தினமும் கம்பை ஊன்றி நடந்து பழகச் சொல்லியிருந்தார்கள். அவரோ ஜன்னலோர நாற்காலியை விட்டு அசையவில்லை. மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயம். அதைச் சொல்லவும் வெட்கம்.

நான் நோர்வூட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வகுப்பில் காட்டுவதற்காக எலுமிச்சைச் செடியிலிருந்து பிடித்து வளர்த்த பச்சைப்புழு, சரியாக லீவு விட்டதும் கூடாகிவிட்டது. அது ஒட்டியிருந்த குச்சியை ஒரு போத்தலில் நட்டு, அதே ஜன்னலில் வைத்தேன்.

"உள்ள தூங்குதா?" என்றார்.

"தூங்கல. ஊர்றதுக்கு இருந்த சதையில முக்கால்வாசி கரைஞ்சி போயிரும். மிச்சமிருக்கிற பழைய நாரை, கட்டடத்துக்குச் சாரம் கட்டுற மாதிரி வச்சிக்கிட்டு, புது உயிர்க்கலங்கள் ஒன்னோட ஒன்னு சேர்ந்து, றெக்கையை அடிக்கிற சதையாகும்."

"யாரும் எக்ஸசைஸ் பண்ணச் சொல்றதில்லையா?"

"அதுக்குப் பொண்டாட்டி இல்லைங்க."

அவர் கூட்டை விரலால் தொட்டார். அது வெடுக்கென்று நெளிந்தது. "ஆடுதே! கரைஞ்சிருச்சின்னீங்களே டீச்சர்?"

"வயித்துச் சதை கொஞ்சம் மிச்சமிருக்கும்."

"நம்ம ஆளுதான்" என்று தன் தொப்பையைத் தட்டிக்கொண்டார். பிறகு, "இது வெளிய வர்றதுக்குள்ள நான் கம்பில்லாம வாசலுக்கு நடந்து காட்டுறேன், பாரு" என்றார்.

அன்றிலிருந்து நான் அடுப்படிக்குப் போனால் போதும், முன்னறையில் தொம் தொம் என்று சத்தம் கேட்கும். திரும்பி வந்தால் நாற்காலியில் வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பார். "வெயில் ஜாஸ்தி" என்பார். வெளியே பனி மூடிக் கிடக்கும். நானும் ஒன்றும் கேட்காமல் அடிக்கடி அடுப்படிக்குப் போனேன்.

ஒருநாள் காலை, அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே கூடு பிளந்தது. கசங்கிய ஈரத்துணி மாதிரி ஏதோ வெளியே வந்து குச்சியைப் பிடித்துத் தொங்கியது. மெதுவாக அதன் சிறகு நிமிர்ந்தது. தேத்தண்ணி ஆறியது. அவர் கவனிக்கவேயில்லை.

"தோத்துட்டீங்க" என்றேன்.

"இது கள்ள ஆட்டம். அதுக்கு ஆறு காலு."

சிறகு காய்ந்து விரிந்ததும், போத்தலை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு எழுந்தார். கம்பு சுவரில் சாய்ந்தபடி இருந்தது. நான் கையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். வாசலில் போத்தலை வைத்துவிட்டு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கால் வெடவெடவென்று நடுங்கியது. வண்ணத்துப்பூச்சி சிறகை இரண்டு தரம் விரித்து மூடிவிட்டு, தேயிலைச் செடிகளுக்கு மேலே பறந்து போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்புப் புகை என்று சமாளித்தேன்.

இப்போது மறுபடி லொறி ஓட்டுகிறார். கூட்டாளிகளிடம் அவர் கதை சொல்வதை ஒருநாள் கேட்டேன்.

"நாந்தாங்க மொதல்ல வாசலுக்கு வந்தேன். அது எனக்குப் பொறகுதான் வெளிய போச்சி. டீச்சர்கிட்டயே கேளுங்க."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.