தொட்டிச் சுவரில் ஒரு கை

காலை ஏழேகாலுக்குத் திருநெல்வேலியில் பஸ் ஏறினேன். சங்கரன்கோவிலுக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். நகராட்சிப் பணியில் இருந்த காலமெல்லாம் சுவரில் எழுதியவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியவன், ஓய்வுக்குப் பிறகு ஒரு சுவரைப் பார்க்கப் போகிறேன்.

பனவடலிசத்திரத்தில் ஒரு விவசாயி மிளகாய் நாற்றுக் கட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆடித்தபசுக்கு இன்னும் நாள் கெடக்கே. இப்பமே கெளம்பிட்டியளே சார்?"

"தபசுக்கு இல்லை. தொட்டிச் சுவரில் படம் வரைந்திருக்கிறார்களாம்."

"செவத்தப் பாக்கவா பஸ் ஏறுனிய? உங்க ஊர்ல செவரு இல்லையா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லுமுன் அவர் தூங்கிவிட்டார்.

ஒன்பது மணிக்குச் சங்கரன்கோவில். நெசவாளர் தெரு முனையில் டீக்கடை வைத்திருக்கும் சண்முகையா காத்திருந்தார். படத்துக்கு முன்கை எடுத்தவர் அவர்தான். அனுமதி மனுவை எழுதிக்கொடுத்தவன் நான். குடிநீர்த் தொட்டியின் சுற்றுச்சுவரில் போர்டு எழுதும் ஒருவர் கோடு போட, தெருக்காரர்களே வண்ணம் தீட்டினார்கள். படம், ஆடித்தபசுத் திருவிழாவின் மாலை. அம்மன் சப்பரம் வரும்போது, வயலில் விளைந்த பருத்தியையும் மிளகாயையும் ஜனங்கள் அதன்மேல் வீசுவார்கள். சுவர் முழுக்க அந்தக் கூட்டத்தின் முதுகுகள், நீல வானத்தில் உயர்ந்த கைகள். ஒரு முகம்கூட இல்லை.

அது என் வேலை. 'தனிநபர் முகம் இடம்பெறாது' என்று மனுவில் நானே சேர்த்தேன். முதல் முகம் தெருக்காரருடையதாக இருக்கும், இரண்டாவது முகம் கட்சிக்காரருடையதாக இருக்கும், மூன்றாவதுக்குள் சுவர் கைமாறிவிடும்.

மனு எழுதிய அன்று அதை எதிர்த்தது முத்துலட்சுமி ஒருவர்தான். அவர் கணவர் விசைத்தறித் தொழிலாளி. கொரோனாவில் இறந்தார். உடலைப் பொட்டலமாகக் கட்டி மருத்துவமனையிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். "கடைசியில மொகத்தக் காட்டல. செவத்துலயும் மொகம் கூடாதுன்னா எப்படி சார்?" என்று கேட்டார். பேசிப் பேசி, கணவரின் கையை வரையலாம் என்று முடிவானது. இளவயதில் தறியில் சுண்டுவிரல் போன வலது கை. பார்த்ததும் தெருவுக்கே அடையாளம் தெரியும்.

படம் முடிந்தபோது முத்துலட்சுமி பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் மகள் வீட்டில் இருந்தார். இன்று பத்து மணிக்குத்தான் வந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் சுவரோரமாக நடந்தார். படத்துச் சப்பரத்துக்கு நேரே நின்றார். கணவருக்கென்று வரைந்த, பருத்தி வீசும் அந்தக் கையில் ஐந்து விரல்கள் இருந்தன.

"அண்ணாச்சி, தறியில போன வெரல எங்கேருந்து கொண்டாந்திய?"

சண்முகையா தோள் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நாந்தாம்மா போட்டேன். அம்மன் முன்னால மூளியா நிக்க வேண்டாமேன்னு..."

"வருசா வருசம் அந்தக் கையாலதான வீசுனாவ. அம்மனுக்கு அந்தக் கையத்தான் தெரியும்." குரல் உயரவில்லை. "மொகமும் இல்ல. இப்பம் கையும் யாரோ கை."

சண்முகையா என்னிடம் திரும்பினார். "தெறப்பு விழாவும் போன வாரமே முடிஞ்சாச்சு. இனி மாத்தணும்னா திரும்ப மனு குடுக்கணுமோ சார்?"

கொடுக்க வேண்டும். மனு, தள ஆய்வு, குறிப்பு, ஆணை. எனக்குத் தெரியாததா?

"பிழை திருத்தத்துக்கு அனுமதி வேண்டாம்" என்றேன்.

அப்படி ஒரு விதி உண்டு. ஆவணங்களுக்கு. சுவருக்கும் பொருந்துமா என்று அவர் கேட்கவில்லை.

கடைக்குப் பின்னால் மிச்சமிருந்த நீல டப்பாவைச் சண்முகையாவே எடுத்துவந்து பிடித்துக்கொண்டார். தூரிகையை முத்துலட்சுமி வாங்கினார். மேலிருந்து கீழாக இரண்டு இழுப்பு. விரல் இருந்த இடத்தில் வானம் வந்தது. அவர் தூரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தக் கைக்குரியவரின் முதுகுக்குப் பக்கத்தில், தானும் சப்பரத்தைப் பார்த்தபடி நின்றார். நாங்கள் டீக்கடைக்கு விலகினோம். டீ பன்னிரண்டு ரூபாய். சண்முகையா குடிக்கவில்லை.

பதினொரு மணி பஸ்ஸில் ஏறினேன். திருநெல்வேலியில் என் தெருச் சுவரில் 'விளம்பரம் செய்யாதீர்' என்று இருக்கிறது. எழுத்து இன்னும் அழியவில்லை. அந்தத் தெருவில் யார் யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு அதைத் தவிர வேறு தடயமும் இல்லை.

பஸ் தொட்டியைக் கடந்தபோது ஜன்னல் வழியே பார்த்தேன். அந்தக் கைக்கு அருகே மட்டும் நீலம் அடர்ந்து, ஈரமாகத் தெரிந்தது. காய்ந்தால் மற்ற நிறத்தோடு சேர்ந்துவிடும் என்று சண்முகையா சொல்லியிருந்தார். சேராவிட்டாலும் ஆட்சேபணை இல்லை.