அக்கா நடத்திய தொட்டி ஹாஸ்டல்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் ஒரே தம்பியாகிய என் அன்பு வணக்கம். அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து இந்த ஆவணியோடு ஓராண்டு நிறைகிறது. அழ வைப்பதற்காக இதை எழுதவில்லை. அழுகிற வீட்டில் அக்கா அதிக நேரம் உட்காரமாட்டார்.

பேராவூரணிக்குத் தெற்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் சிற்றூரில் பள்ளி ஆசிரியரின் மகளாகப் பிறந்தார் அக்கா. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா காலமானதால், என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே படிப்பை முடித்தவர். பட்டுக்கோட்டை தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் பாலிடெக்னிக் படித்தேன். திருமணமாகித் தஞ்சாவூருக்கு மாற்றலாகி வந்தார். அத்தான் தங்கமான மனிதர். நெஞ்சுவலியில் சீக்கிரமே போய்விட்டார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

பிறகு தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்தது. ஆபரேட்டர்களுக்கு வேலை இல்லாமல் போய், அக்காவை பில் பிரிவில் உட்கார வைத்தார்கள். "நாள் முழுக்க ஊரோட பேசுன வாய்டா, இப்போ கொட்டாவி விடத்தான் திறக்குது" என்று எனக்குப் போன் செய்வார். நானும் அப்போது சிங்கப்பூர் போய்விட்டேன். அந்த நேரத்தில் அக்காவுக்குக் கை கொடுத்தது அவர் குடியிருந்த நகரின் தோட்டக் கழகம். எல்லோர் வாயிலும் அது கார்டன் கிளப்.

அந்த நகரே வயலை மேடாக்கி மனை போட்ட இடம். களிமண். ஐப்பசியில் நான்கு நாள் மழை பிடித்தால் தரையில் வைத்த செடியெல்லாம் அழுகிவிடும். அதனால் எல்லோரும் தொட்டிக்கு மாறினார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூட்டம். செடியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுவார்கள். மற்ற நேரமெல்லாம் பஜ்ஜி, சம்பந்தி, பிள்ளைகளின் விசா.

ஆற்றில் தண்ணீர் வந்து ஆடி பிறந்துவிட்டால் விதை மாற்றிக்கொள்வார்கள். அவரையும் பீர்க்கையும் ஒரு வீட்டு மடியிலிருந்து இன்னொரு வீட்டு மடிக்குப் போகும். அடைமழையில் தொட்டிகளையெல்லாம் வராந்தாவுக்கு ஏற்றிவிட்டு, மனிதர்கள் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே காபி குடிப்பார்கள். மார்கழியில் தெருவில் உள்ள கோலங்களுக்கெல்லாம் பூசணிப்பூ அக்கா வீட்டுக் கொடியிலிருந்துதான். விடியற்காலையில் பூப்பறிக்க வருகிறவர்களுக்கு அக்கா வாசலில் கட்டிய கிறிஸ்துமஸ் நட்சத்திரம்தான் வெளிச்சம். தை மாதம் பொங்கல் முடிந்ததும் மலர்க் கண்காட்சி. அதற்குப் பிறகு வெயில், தண்ணீர்ப் பஞ்சம், ஊருக்குப் போகிறவர்களின் மூட்டை முடிச்சு.

இந்த ஊருக்குப் போகிற விஷயத்தில்தான் அக்காவின் ஹாஸ்டல் தொடங்கியது. பிள்ளைகள் பெங்களூர், துபாய், அமெரிக்கா என்று கிளம்பிவிட்டார்கள். மகள் பிரசவத்துக்குப் போகிற அம்மாக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆறு மாதம் போனார்கள். தொட்டிகளை என்ன செய்வது? அக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். எது யாருடையது என்று மறந்துவிடாமல் இருக்க, உரிமைக்காரர் பெயரை பெயின்டால் தொட்டியிலேயே எழுதி வைத்தார் அக்கா. "நம்ம ஹாஸ்டல் பிள்ளைங்க" என்பார். திருச்சியில் விமானம் இறங்கி நான் வரும்போதெல்லாம் என் பெட்டி வைக்க இடம் தேட வேண்டியிருக்கும்.

பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி அம்மாள் மகள் பிரசவத்துக்கு நியூ ஜெர்சி போனபோது விட்டுப்போனது ஓர் அடினியம். அடிப்பாகம் முள்ளங்கி போலப் பருத்து, கொத்துக் கொத்தாகப் பூக்குமே, அது. கிளம்பும்போது சொன்ன ஒரே பத்தியம், தண்ணீர் அதிகம் கூடாது என்பது. காவிரித் தண்ணீரில் வளர்ந்த ஜனங்களுக்கு இதைவிடக் கஷ்டமான பத்தியம் கிடையாது. செடி கண்ணில் பட்டால் செம்பைத் தூக்குகிற கை நமக்கு. அக்கா கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். தையில் அது பூத்துத் தள்ளிவிட்டது. கண்காட்சியில் வைத்தார். முதல் பரிசு. வளர்த்தவர் என்று அக்கா பெயரைச் சொல்லி எவர்சில்வர் வாளியைக் கொடுத்தார்கள்.

மாசியில் திரும்பிய ராஜேஸ்வரி அம்மாள் விமானக் களைப்பு தீருமுன்னே சண்டைக்கு வந்துவிட்டார்.

"செடி என்னுது. வாளி மட்டும் உங்களுதா?"

"வளர்த்தது நான்தானே ராஜி?"

"என்ன வளர்த்தீங்க? ஒரு சொம்புத் தண்ணிகூட ஊத்தலையே!"

"ஊத்தாம இருந்தது யாரு? அதைவிடப் பெரிய வேலை உண்டா?"

இரண்டு கூட்டத்துக்கு ராஜேஸ்வரி அம்மாள் வரவில்லை. பக்கத்து வீட்டு முகத்தையே பார்க்க முடியவில்லை என்று அக்கா போனில் என்னிடம் வருத்தப்பட்டார். மூன்றாவது கூட்டத்தைத் தன் வீட்டு மாடியில் வைத்து, வாளி நிறைய மோர் கரைத்து, ராஜேஸ்வரி அம்மாளைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். எல்லோர் முன்னிலையிலும் அன்று ஒரு சட்டம் போட்டார்: செடி விட்டுப்போனவருக்கு, பரிசில் பெயர் பார்த்துக்கொண்டவருக்கு, இந்த வாளி கிளப்புக்கு. "அப்படின்னா தண்ணி ஊத்தாம இருக்கிறதுக்கு இனிமே எனக்கும் பரிசு உண்டுல்ல?" என்று ராஜேஸ்வரி அம்மாளே கேட்க, மாடி அதிரச் சிரித்தார்களாம்.

வருடங்கள் ஓடின. ஆறு மாதம் போனவர்கள் ஒரேயடியாகப் போகத் தொடங்கினார்கள். ராஜேஸ்வரி அம்மாளும் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். அடினியம் திரும்பவும் ஹாஸ்டலுக்கு வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. எனக்கு அக்காவைத் தனியாக விட மனமில்லை. ஒவ்வொரு விடுமுறையிலும் கூப்பிடுவேன். "எங்களோடயே வந்துருங்கக்கா. அங்கேயும் பால்கனி இருக்கு." அக்கா ஒரே பதில்தான் சொல்வார்.

"எல்லாரும் என்கிட்ட விட்டுட்டுப் போனாங்க. நான் யார்கிட்ட விட்டுட்டு வர்றதுடா?"

எனக்கு அப்போதெல்லாம் எரிச்சலாக வரும். மண்சட்டிகளுக்காகக் கூடப்பிறந்தவனை வேண்டாம் என்கிறாரே என்று இருக்கும்.

ராஜேஸ்வரி அம்மாள் வீட்டை வாங்கியவர்கள் அமுதாவும் அவர் கணவரும். ஒரத்தநாடு பக்கத்துக் கிராமம். பெற்றோர் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்துப் படிக்க வைத்ததில் அமுதா வங்கி அதிகாரி ஆனவர். அக்கா கிளப்புக்குக் கூப்பிட்டதும் பளிச்சென்று சொல்லிவிட்டாராம். "எங்கம்மா இடுப்பு ஒடிஞ்சது நாத்து நட்டுத்தான் ஆன்ட்டி. நான் மண்ணைத் தொடவே கூடாதுன்னுதான் படிக்க அனுப்பினாங்க. நான் போய் ஆசைக்கு மண்ணைக் கிளறினா நல்லாவா இருக்கும்?"

அக்கா வற்புறுத்தவில்லை. "மண்ணைத் தொட வேணாம்மா. காபியைத் தொடலாம்ல? ஞாயித்துக்கிழமை வா." அமுதா வந்தார். ஒரு வருடம் வெறும் காபிக்கும் பேச்சுக்கும் வந்தார்.

அக்காவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது வேறு வழியில்லாமல் ஹாஸ்டல் அமுதா கைக்குப் போனது. சித்திரை வெயில். அடினியம் காய்ந்து கிடப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. மனசு கேட்காமல் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அக்கா வீடு திரும்பியபோது அதன் அடி கொழகொழவென்று அழுகியிருந்தது. அமுதா அழுதுவிட்டார். நான் அன்று அங்கே இருந்தேன். அக்கா சொன்னதைக் காதால் கேட்டேன்.

"தண்ணி ஊத்துனதுக்கா அழற? நம்ம ஊர்ல பொறந்துட்டு வேற என்ன செய்வே?"

அழுகாத நுனிக் கிளை ஒன்றை வெட்டி, சில நாள் நிழலில் காயவைத்து, அதே தொட்டியில் புது மணல் நிரப்பி நட்டார். "இதுக்கு நீதான் பொறுப்பு. பக்கத்துல உக்காரு, பேசு, தண்ணிய மட்டும் காட்டாதே" என்று அமுதாவிடமே கொடுத்தார். அது பிழைத்தது. அமுதாவுக்கும் மண் ஒட்டிக்கொண்டது. அடுத்த ஆடியில் விதை மாற்றிக்கொள்ள முதல் ஆளாக நின்றவர் அவர்தான்.

அக்கா கடைசியில் படுத்தது சில வாரங்கள்தான். நான் வந்து சேர்ந்தபோது நல்ல நினைவோடு இருந்தார். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். சிங்கப்பூர் பேச்சை நான் எடுக்கவில்லை. ஜன்னல் வழியாக அமுதா தொட்டிகளுக்கு நடுவே குனிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே, "இப்போ கூப்பிட்டா வருவேன்டா" என்றார். எனக்குப் புரிந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜெபம் முடித்து, தூக்கத்திலேயே போனார்.

அடக்க ஆராதனை முடிந்து நாங்கள் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது வராந்தாவில் ஒரு தொட்டியும் இல்லை. கிளப்பினர் வீட்டுக்கு ஒன்றிரண்டாக எடுத்துப் போயிருந்தார்கள். நான் கேட்காமல் செய்த அந்த உதவிக்கும், மருத்துவமனையில் மாறி மாறித் துணை இருந்ததற்கும், சபைப் போதகருக்கும், சாப்பாடு கொண்டுவந்த தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்தத் தை மாதக் கண்காட்சிக்கு நானும் போயிருந்தேன். அந்த நுனிக்கிளை அடினியம் முதல் பரிசு வாங்கியது. அமுதா பெயரை மட்டும் அழைத்தார்கள். அக்கா பெயரையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்று உறவினர் சிலர் குறைப்பட்டார்கள். சட்டம் போட்டதே அக்காதான் என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். பழைய வாளியிலிருந்து கிளப்பினர் எல்லோருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, ராஜேஸ்வரி அம்மாளைப் போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"தொட்டில என் பேரு இன்னும் இருக்கா, பாருங்க?"

பார்த்தேன். அக்காவின் பெயின்ட் எழுத்து அழிந்த இடத்தில் அமுதாவின் எழுத்தில் அதே பெயர், புதிதாக.