மூன்று மாதத்துச் செத்தவீடு

வேலைக்குப் போகும் ட்ராமைப் பிடிக்க நான் தினமும் ஒரு சவக்காலைக்குள்ளால் நடந்து போகிறேன். ஜேர்மனியின் டோர்ட்முண்டில் எங்கள் வீட்டிலிருந்து அதுதான் குறுக்குவழி. போன இலையுதிர் காலத்தில் ஒரு கல்லறைக் கல்லில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பிழையான இடத்தில் நிறுத்திய காருக்கு ஒட்டுவார்களே, அந்த மாதிரி. பிறகு பார்த்தால் அந்த வரிசையில் இன்னும் நாலைந்து கல்லில் அதே ஸ்டிக்கர். உரியவர்கள் அலுவலகத்தோடு தொடர்புகொள்ள வேண்டும் என்று டொச் மொழியில் எழுதியிருந்தது. என்னோடு வேலை செய்யும் ஹோல்கரிடம் கேட்டேன். தவணை முடிந்துவிட்டது, புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டு இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுப்பார்கள் என்றார். பஸ் சீசன் டிக்கெட்டைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். செத்தவருக்கும் தவணை இருக்கிறது என்பது என் மனதில் இறங்கக் கனநாள் பிடித்தது.

பிள்ளைகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். என்னைப்போல ஊரைவிட்டு வந்த வேறு யாரும் வாசித்தாலும் சந்தோஷம். நான் பெரிய படிப்புப் படித்தவனில்லை. ஊரில், கொட்டாஞ்சேனையில், ஓ/எல் பரீட்சை வரைக்கும் படித்தேன். இங்கே வந்து பல வருடம் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவினேன், பொதிச்சாலையில் பெட்டி தூக்கினேன். முதுகு போனபிறகு அரசாங்கம் படிப்பித்த வகுப்பொன்றில் இந்தக் கம்ப்யூட்டர் வேலையைப் பழகினேன். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் நீங்கள் இருவரும் தோளைக் குலுக்குவீர்கள். ஆகவே முதலில் அதைச் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவனுக்குக் கொண்டெய்னர் என்றால் துறைமுகத்துக்கு லொறியில் போகும் இரும்புப் பெட்டி. கம்ப்யூட்டருக்குள்ளும் அந்த மாதிரிப் பெட்டிகள் உண்டு. ஒரு புரோகிராமையும் அதற்குத் தேவையான சாமான்களையும் ஒன்றாகக் கட்டிப் பெட்டியாக வைப்பார்கள். பெட்டி பழுதானால் யாரும் திருத்துவதில்லை. எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைப்பார்கள். உள்ளே எழுதியிருந்தது எல்லாம் அதோடு போய்விடும். அதனால் போகக்கூடாததைப் பெட்டிக்கு வெளியே ஒரு டிஸ்க்கில் சேர்க்க வேண்டும். அந்த டிஸ்க்கை நேரம் குறித்துத் தினமும் கொப்பி, அதாவது பிரதி எடுத்து, வேறு இடத்தில் இருக்கும் மெஷினுக்கு அனுப்ப வேண்டும். கொப்பிகள் குவிந்துவிடும் என்பதால் எது எவ்வளவு காலம் இருக்கலாம் என்று ஒரு விதியும் எழுத வேண்டும். காலம் முடிந்ததை மெஷின் தானாகவே அழித்துவிடும்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்தக் கடைசி விதிதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலம் முடிந்த கொப்பிகளையும் அழிக்காமல் விட்டுவைப்பேன். டிஸ்க் நிறைந்து ஹோல்கர் கண்டுபிடித்துவிட்டார். ஒருவரைப் பற்றியதைத் தேவைக்கு மேல் வைத்திருப்பது அவரிடம் திருடுவதுபோல, நேரத்துக்கு அழிப்பதுதான் மரியாதை என்று பொறுமையாக விளக்கினார். நான் என் உடைந்த டொச்சில், எங்கள் வீடு எரிந்தது, அதனால் என்னால் ஒன்றையும் எறிய ஏலாது என்றேன். தமிழருக்கு எதிரான கலவரத்தில், நான் உங்களிலும் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எரிந்த கொட்டாஞ்சேனை வீட்டைத்தான் சொன்னேன். அல்பங்களும் அதோடு போயின. என் அப்பாவின் முகத்தை உங்களுக்குக் காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை. ஹோல்கர் போன கிழமை எரிந்ததென்று நினைத்துவிட்டார். காப்புறுதி இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த நாள் இரண்டு பை நிறைய உடுப்புக் கொண்டுவந்து என் மேசைக்கடியில் வைத்தார். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. நான் போடும் மண்ணிறக் குளிர்ச்சட்டை அதிலிருந்து வந்ததுதான்.

ஜீவன் என்னோடு படித்தவன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் கமெராக்களோடு இருக்கிறான். கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றையும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நேரலையாகக் காட்டுவது அவன் தொழில். அவனுடைய இணையத்தளமும் அப்படியொரு பெட்டிக்குள்தான் ஓடுகிறது. அதற்குக் கொப்பி எடுக்கும் வேலையை நான்தான் இங்கிருந்து ஒழுங்குசெய்து கொடுத்தேன். வெள்ளவத்தையில் அழுகிற அழுகை எல்லாம் தினமும் ஜேர்மனியில் ஒரு மெஷினுக்கு வந்து சேரும். ஒரு வருடமாவது வைத்திருப்போம் என்றேன். அவன் சிரித்தான்.

"டேய் மச்சான், செத்தவீட்டை ஒரு வருசம் கழிச்சு ஆர் பார்க்கப்போகினம்? முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடிய எல்லாரும் ஒருக்காப் பார்ப்பினம், பிறகு ஆசைப்பட்டாலும் பார்க்க மாட்டினம். மூண்டு மாசம் காணும்."

அப்படியே எழுதினேன். தினமும் எடுப்பதில் மாதத்துக்கு ஒரு கொப்பிதான் தங்கும். நாலாவது வரும்போது மிகப் பழையது அழியும்.

அந்த மார்கழியில் உங்கள் அம்மா ரஞ்சி பனியில் வழுக்கி விழுந்து, காலில் தகடு வைத்துப் படுத்திருந்தாள். அப்போதுதான் வெள்ளவத்தையில் அவளுடைய அப்பா, உங்கள் அம்மப்பா, போய்விட்டார். விமானத்தில் ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். செத்தவீட்டை ஜீவன்தான் காட்டினான். நேரலை தொடங்கியதும் அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் பார்க்காட்டி அப்பா இன்னும் வெள்ளவத்தையிலதான் இருக்கிறார், என்னப்பா," என்றாள்.

முப்பத்தொன்று முடிந்தது. அப்போதும் பார்க்கவில்லை. கால் தேறியது, ஊன்றுகோலோடு நடந்தாள், வேலைக்கும் போகத் தொடங்கினாள். வெள்ளவத்தைக்குப் போன் கோல் எடுப்பதை மட்டும் குறைத்துவிட்டாள். எடுத்தாலும் தன் கூடப்பிறந்த உங்கள் மாமாவோடு மழை, விலைவாசி என்று கதைத்துவிட்டு வைத்துவிடுவாள். அம்மப்பாவின் பழைய வீட்டை இடித்து பிளாற்ஸ் கட்டியபிறகு அவருக்கு நாலாம் மாடி கிடைத்தது. அந்த உயரத்தில் கடற்கரைத் தண்டவாளத்தில் போகும் கோச்சிச் சத்தம் வடிவாகக் கேட்கவில்லை என்று அவர் எந்நேரமும் குறைப்படுவார். அந்தக் கதையைக்கூட அவள் எடுக்கவில்லை. அப்போது எடுத்த கொப்பிக்குத் தவணை ஓடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். வற்புறுத்த மனம் வரவில்லை. தளத்தில் வீடியோ இருக்கிறதுதானே என்று இருந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை நீங்கள் தமிழ்ப் பாடசாலைக்குப் போயிருந்தீர்கள். அம்மா தலை முழுகி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"இண்டைக்குப் பார்க்கிறன். அப்பாவைப் போடுங்கோ."

தளத்தைத் திறந்தேன். அம்மப்பாவின் பெயர் இருந்தது, வீடியோ இல்லை. ஜீவனுக்குக் கோல் எடுத்தேன். இடம் போதாதென்று புது டிஸ்க் வாங்கிப் பெட்டியை அதோடு இணைத்தவனாம். பழையதில் இருந்ததைப் புதிதுக்கு மாற்றாமலே வழித்துத் துடைத்துக் கமெரா வேலைக்குக் கொடுத்துவிட்டானாம். "உன்னட்டக் கொப்பி இருக்குத்தானே?" என்றான். ஓம் என்றேன். கொப்பி என்றால் என்றைக்கும் இருக்கும் என்று அவன் நினைத்திருக்கிறான். என் மெஷினோ ஒவ்வொரு நாளும் வேலை சரியாக முடிந்தது என்று எனக்குச் செய்தி அனுப்பியது. அதுவும் பொய்யில்லை. புது டிஸ்க்கில் இருந்ததைச் சரியாகத்தான் கொப்பி எடுத்தது.

தங்கியிருந்த மூன்று மாதக் கொப்பிகளில் இரண்டில் அம்மப்பா இல்லை. மிகப் பழையதில் மட்டும் இருந்தார். அடுத்த நாள் ஞாயிறு, நாலாவது கொப்பி எடுக்கும் நாள். ஒரு நாள் பிந்தியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

முதலில் அழிக்கும் வேலையை நிறுத்தினேன். பிறகு ஜீவனின் பெட்டியைத் தொடாமல், வெறும் பெட்டி ஒன்றைப் புதிதாக உருவாக்கி, அதற்குள் அந்தப் பழைய கொப்பியை இறக்கத் தொடங்கினேன். கொப்பி எடுப்பது சுலபம். திரும்ப எடுத்து, அது திறக்கிறதா என்று பார்க்கும்வரை கையில் ஒன்றும் இல்லை. முன்பின் தெரியாதவர்களின் செத்தவீடுகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து வரிசையில் நின்றன. அம்மா ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தாள். அம்மப்பாவின் பெயர் வந்ததும் என் தோளைத் தொட்டாள்.

வீடியோவில், பிளாற்ஸின் கீழே கார் நிறுத்தும் இடத்தில் அம்மப்பாவைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஐயர் மந்திரம் சொல்லும்போது கடற்கரைப் பக்கம் ஒரு கோச்சி போனது. அந்தச் சத்தத்தில் அவர் குரல் மறைய, எல்லாரும் சும்மா நின்றார்கள். அம்மா அப்போது லேசாகச் சிரித்தாள். பிறகு வாய்க்கரிசி போட வரச் சொன்னார்கள். அம்மா எழும்பி, நொண்டி நொண்டிச் சமையலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது அவள் வலது கை பொத்தியிருந்தது.

திரையில் மாமாவின் மனைவி வசந்தி மாமி ஒருமுறை அரிசி போட்டார். விலகிப் போகாமல் இன்னொரு பிடி அள்ளினார். "மாமா, இது ரஞ்சி மச்சாளிட," என்று அம்மப்பாவின் காதருகே குனிந்து சொல்லிவிட்டுப் போட்டார். அம்மாவின் பொத்திய கை திரைக்கு முன்னால் உயர்ந்தபடி நின்றது. அவளுடைய பங்கு மூன்று மாதத்துக்கு முன்பே போடப்பட்டுவிட்டது. பெட்டியை மூடினார்கள். கை மட்டும் அப்படியே இருந்தது.

வீடியோ முடிந்தது. இதை எடுத்து வேறாக வைக்கட்டோ என்று நான் கேட்டேன்.

"வேண்டாமப்பா. பார்த்திட்டன். இனிப் போகட்டும்."

மற்றக் குடும்பங்களுடையதை ஜீவனுக்கு அனுப்பிவிட்டு, அந்தப் புதுப் பெட்டியை எறிந்தேன். நிறுத்திய அழிக்கும் வேலையைத் திரும்ப ஓடவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மெஷின் தன் வேலையைச் செய்தது. நீங்கள் பெரியவர்களாகி அம்மப்பாவின் செத்தவீட்டைக் கேட்டால் காட்ட என்னிடம் இல்லை. எதையும் எறியாத நான் அவளுக்காக இதை விட்டுவிட்டேன்.

அந்தப் பிடி அரிசியை அவளால் பானைக்குள் திரும்பப் போட முடியவில்லை. வாய்க்கரிசிக்கென்று அள்ளியதைச் சமைக்கக் கூடாது. யன்னலுக்கு வெளியே புறாவுக்குப் போட்டால் இந்தக் கட்டடத்தில் எச்சரிக்கைக் கடிதம் வரும். குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. வெள்ளவத்தைக்குக் கொண்டுபோனாலும் அதைப் போட அங்கே அம்மப்பா இல்லை. சமையலறை யன்னலோரம் இருக்கும் சின்னச் சில்வர் கிண்ணத்தில் இருப்பது அதுதான். நேற்று சின்னவன் அதை அரிசிச் சாடிக்குள் கொட்டப் போனபோது அம்மா சத்தம் போட்டதும் அதனால்தான். அதை அப்படியே இருக்க விடுங்கள். அவள் கிண்ணத்தைத் தூக்கி, அடியைத் துடைத்து, தெரு தெரியும் பக்கம் ஒருநாளும் அடுப்புப் பக்கம் ஒருநாளுமாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறாள்.