தலமாட்டுல வெச்ச அருவா

சசிகலாவுக்கு பயம்னா இன்னான்னே தெரியாதுன்னு ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க. போளூர்ல ஹாஸ்டல்ல தங்கி பன்னெண்டாவது முடிச்சவ. லீவுக்கு வந்தா, பஸ்ஸ வுட்டு எறங்கி காட்டு வழியா ஒத்தையில நடந்தே வூடு வந்து சேருவா. கரடி வந்தா இன்னா பண்ணுவன்னு கேட்டா, "அதுவும் வூட்டுக்குத்தான் போவும், அது வழி அதுக்கு"ன்னு சிரிப்பா. அப்பேர்ப்பட்ட பொண்ணு, பிள்ள பெத்த பன்னெண்டாம் நாளு, ஒரு அருவாளப் பாத்து மூலையில ஒண்டிக்கினு நடுங்கறா!

அந்த அருவா அவளுக்குக் காவலாத்தான் வெச்சது. பச்ச ஒடம்புக்காரி பக்கத்துல இரும்பு இருந்தா காத்து கருப்பு அண்டாதுன்னு ஒரு நம்பிக்க. மாமியா மாதம்மாள், சாமை அறுக்கற அருவாளத் தேச்சு, பிள்ளையோட தலமாட்டுல வெச்சிருந்தாங்க.

மொத நாலு நாள் ஒண்ணும் இல்ல. அஞ்சாம் நாளு காத்தால பால் குடுக்கறப்போ திடீர்னு மனசுக்குள்ள ஒரு காட்சி. அந்த அருவா. தன்னோட கை. பிள்ளையோட கழுத்து. அவ்ளோதான்.

ஐயோ, இது யாரோட நெனப்பு? நானா இப்படி நெனைக்கறேன்? பிள்ளைய கீழ கெடத்திட்டு, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சி அமுக்கிக்கினு உக்காந்தா. அதுக்கப்புறம் அருவா கண்ணுல பட்டாலே அந்தக் காட்சி வந்துடும். தூக்கம் போச்சு. சோறு எறங்கல. யாருகிட்ட சொல்றது? சொன்னா பிள்ளைய புடுங்கிக்கினு போய்டுவாங்களே! அதனால சத்தமில்லாம, துணியால சுத்தி, அருவாள ஜன்னல் வழியா வெளிய போட்டா.

மாதம்மாள் அத எடுத்தாந்து திரும்ப வெச்சாங்க. இவ திரும்பப் போட்டா. மூணாந்தபா மாதம்மாளுக்கு மொகமே வெளுத்துப் போச்சு. இரும்புக்கு பயப்படறது யாரு? பேய்தானே!

"இது என் மருமவ இல்லடா. இரும்ப வெக்க வுடல பாரு"ன்னு மவன்கிட்ட குசுகுசுன்னு சொன்னாங்க. அருவாளோட ஒரு கொடுவாளும் வந்து சேந்துச்சு. வெள்ளிக்கெழம பூசாரி வருவாரு, அது வரைக்கும் பிள்ளைய பெரியம்மா வூட்டுல வுட்டுடலாம்னு பேச்சு. உள்ள இருந்து எல்லாமே சசிகலா காதுல வுழுந்துச்சு.

மூங்கில் தட்டிக்கு அந்தாண்ட அவ புருசன் ரமேஷு நின்னான். தீட்டு கழியற வரைக்கும் முப்பது நாளு ஆம்பள உள்ள வரக் கூடாது. பிள்ள பெத்து ஆஸ்பத்திரில இருந்து வந்ததுக்கு அப்புறம் ரெண்டு பேரும் மொகம் பாத்துப் பேசல.

"ஏம்மே... நீதான் பேசறியா?" அவன் மெதுவா கேட்டான்.

"நான் இல்லாம ஒங்கம்மாவா பேசுவாங்க?"

அவன் பெருமூச்சு வுடறது இவளுக்குக் கேட்டுச்சு. "அப்போ இன்னாதான் ஆச்சு, சொல்லுமே."

"சொன்னா பிள்ளைய எடுத்துக்கினு போய்டுவீங்க."

அப்புறம் தட்டி நகுந்துச்சு. "டேய், தீட்டுடா!"ன்னு மாதம்மாள் கத்தறதுக்குள்ள ரமேஷு உள்ள வந்து அவ எதுக்க உக்காந்துட்டான்.

தரையப் பாத்துக்கினே சொன்னா. அருவா, கை, கழுத்து. முடிச்சிட்டு நிமுந்தா. அவன் கண்ணு ஒரு தபா பிள்ள பக்கம் போய்ட்டு வந்துச்சு. அந்த ஒரு நொடி! போச்சு, எல்லாம் போச்சுன்னு நெனச்சா.

"புளி உலுக்க மரத்து மேல ஏறறேன் இல்ல," ரமேஷு மெதுவா ஆரம்பிச்சான். "உச்சியில நிக்கறப்போ, குதின்னு உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லும். எனக்கு சாவணும்னு ஆசயே கெடையாது. ஆனா சொல்லும். கெளைய இன்னும் இறுக்கிப் புடிச்சிப்பேன்."

"இத நீ சொன்னதே இல்லியே மாமா."

"சொன்னா பயந்தாங்கொள்ளின்னு நக்கல் பண்ணுவ."

சிரிக்கப் போனவ அழுதுட்டா. அவன் எந்திரிச்சி ரெண்டு இரும்பையும் எடுத்தான். வாசல்ல மாதம்மாள் மறிச்சிக்கினு நின்னாங்க. "அத எடுத்தா பிள்ள நமக்குத் தங்காதுடா!"

"இத பாத்துத்தாம்மா அவ செத்துக்கினு இருக்கா."

அவங்களும் பயத்துலதான் அழுதாங்க. யாரக் குத்தம் சொல்றது, சொல்லுங்க.

அன்னிக்கு மத்தியான பஸ்ஸுக்கே ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டாங்க. வழியெல்லாம் பிள்ள ரமேஷு மடியில. நர்சம்மா இன்னா ஏதுன்னு கேட்டப்போ அவன் வாயத் தொறந்தான். "நானே சொல்றேன் மாமா"ன்னா சசிகலா. சொல்லி முடிக்கறதுக்குள்ள ஜாக்கெட்டு வேர்வையில நனஞ்சிடுச்சு.

நர்சம்மா நாற்காலிய கிட்ட இழுத்துப் போட்டாங்க. "தூங்கறியாம்மா? உன்ன நீயே ஏதாச்சும் பண்ணிக்கணும்னு தோணுதா? காதுல யாராச்சும் பேசறாங்களா?" ஒவ்வொண்ணா கேட்டாங்க. தூக்கந்தான் இல்ல, மத்தது எதுவும் இல்லன்னா அவ. அப்புறம் ரமேஷு பக்கம் திரும்பி, "இப்படி பயந்துக்கினு வர்ற அம்மாங்க இருக்காங்கப்பா. வைத்தியம் பண்ணிடலாம். ஆனா தனியா வுடாத, தூங்க வெய்யி. வூட்ல கூட யாரு இருப்பாங்க?"

"நாந்தாங்க."

பிள்ள வீல்னு அழுதுச்சு. "பசி பாரு, பால் குடும்மா"ன்னு சொல்லிட்டு நர்சம்மா டாக்டரக் கூப்பிடப் போனாங்க. பிள்ளைய அவங்க தூக்கிக்கினு போவல!

சசிகலா கை நீட்டல. ரமேஷு பிள்ளைய அவ மடியில வெச்சி, அவ கைக்கு அடியில தன் கையக் குடுத்தான். அவ கைய இழுத்துக்கல. பிள்ள அது பாட்டுக்கு பால் குடிக்க ஆரம்பிச்சிடுச்சு.